வோல்ட்டும் ஆம்பியரும் கிடைத்தால் ஓமும் வாட்டும் கிடைத்துவிடும்: தோட்டத்துப் பட்டண வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாயங்காலம் ஏழு மணிக்குக் குளியலறை ஹீட்டரில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் வருகிறது. அதே ஹீட்டர் பட்டப்பகலில் நன்றாகச் சுடுகிறது. திருவிழாவுக்கு லயத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில் மாட்டிய பெரிய கெட்டில் கொதிக்க நேரம் பிடிக்கிறது. மாவு அரைக்கும் மோட்டார் முனகுகிறது, தொட்டால் கை சுடுகிறது. இவற்றுக்கெல்லாம் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஊகிக்கத் தேவையே இல்லை. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று இரண்டே அளவு எடுங்கள். மீதியைக் கணக்குச் சொல்லிவிடும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்த இரண்டு அளவையும் சாமான் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது ஓடுகிற இடத்திலேயே எடுக்க வேண்டும். சாமானின் தகட்டில் அச்சடித்திருக்கும் எண்ணை வைத்துப் போடும் கணக்கு தொழிற்சாலையின் கணக்கு. மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பாகான் செராய் போன்ற பட்டணங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் டிரான்ஸ்பார்மர் பெரிய ரோட்டோரம் நிற்கும், வீடும் கோயிலும் செம்பனைக்கு உள்ளே தள்ளி இருக்கும். அங்கே தகட்டு எண்ணுக்கும் உங்கள் பிளக்கில் வரும் எண்ணுக்கும் நல்ல இடைவெளி விழும். இந்த வழிகாட்டி அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

நான்கு அளவுகள், இரண்டு உறவுகள்

பள்ளியில் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன் என்று படித்தவைதான். அழுத்தத்தை வோல்ட்டிலும், ஓட்டத்தை ஆம்பியரிலும், தடையை ஓமிலும், திறனை வாட்டிலும் சொல்கிறோம். ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட உறவு முதலாவது:

ஓம் = வோல்ட் ÷ ஆம்பியர்

இரண்டாவது இன்னும் எளிது:

வாட் = வோல்ட் × ஆம்பியர்

இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் மேலும் இரண்டு கிடைக்கும்:

வாட் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்
வாட் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்

எதை எப்போது எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வயர், பிளக், மூட்டு இவை எவ்வளவு சூடாகும் என்று பார்க்க ஆம்பியர் இருமுறை வரும் வாய்பாடு. கெட்டில், ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவை இந்த வோல்ட்டில் எவ்வளவு சூடு தரும் என்று பார்க்க வோல்ட் இருமுறை வரும் வாய்பாடு. ஆம்பியர் இருமடங்கானால் வயரின் சூடு நான்கு மடங்காகும். இந்த ஒரு வரியை மனத்தில் இருத்திக்கொண்டால் எரிந்துபோன பிளக்குகளில் பாதிக்குக் காரணம் விளங்கிவிடும்.

மில்லி ஆம்பியரைக் கணக்கில் போடும் முன்பு 1000ஆல் வகுத்து ஆம்பியராக்குங்கள். கிலோவாட்டை 1000ஆல் பெருக்கி வாட்டாக்குங்கள். விடை ஆயிரம் மடங்கு பிசகினால் முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

தகட்டில் 240, வீட்டில் 230

மலேசியாவில் வீட்டு மின்சாரத்தின் அறிவிக்கப்பட்ட அளவு 2008 ஜனவரி 1 முதல் ஒருமுனைக்கு (சாதாரண வீட்டு இணைப்பு) 230 வோல்ட், மும்முனைக்கு 400 வோல்ட். அதற்கு முன் 240, 415. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம். அதாவது உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் அளவு 253க்கும் 216க்கும் இடையில் எங்கே நின்றாலும் அது முறையான சப்ளைதான். பல சாமான்களின் தகட்டில் இன்றும் 240 என்றே இருக்கும். சிலவற்றில் 220–240 என்றிருக்கும். தகட்டின் வாட், அந்தத் தகட்டின் வோல்ட்டுக்கு மட்டும்தான் பொருந்தும்.

இந்த நாட்டில் மின்சாரம் முதலில் எரிந்ததும் மாளிகையில் அல்ல, வேலை நடந்த இடத்தில்தான். 1894இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவியவர்கள் லோக் இயூவும் நம்மவரான கே. தம்புசாமி பிள்ளையும்.

என்னென்ன கருவி வேண்டும்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். மேலே ‘கேட் 3, 600 வோல்ட்’ (CAT III 600V) என்று குறித்திருப்பதையே வாங்குங்கள். விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்குப் பியூஸே இருக்காது. அவற்றை வீட்டு மின்சாரத்தில் வைப்பது ஆபத்து. ஆம்பியருக்கு ஒரு கிளாம்ப் மீட்டர். இரண்டும் வேண்டாம் என்றால் 13 ஆம்பியர் பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று போதும். வோல்ட், ஆம்பியர், வாட், பவர் பேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) நான்கையும் அதுவே காட்டும். வீட்டுக்காரருக்கு எங்கள் பரிந்துரை இந்தக் கடைசிக் கருவிதான். கை எந்த இடத்திலும் கரண்டுக்கு அருகில் போவதில்லை.

மல்டிமீட்டரில் ஒரு பொறி இருக்கிறது. ஆம்பியர் அளக்கச் சிவப்பு வயரை ‘10 ஆம்பியர்’ துளையில் மாட்டியிருப்பீர்கள். அப்படியே மறந்துவிட்டு சாக்கெட்டில் வோல்ட் பார்க்கக் குத்தினால், மீட்டர் அந்த நொடியில் வெறும் கம்பியாக மாறி நேரடி ஷார்ட் ஆகும். முனை உருகித் தெறிக்கும். வீட்டு மின்சாரத்தில் ஆம்பியரை மல்டிமீட்டரால் அளக்காதீர்கள். கிளாம்ப் அல்லது வாட் மீட்டர்தான்.

கிளாம்பிலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. சாமானின் முழு வயரையும் சேர்த்துக் கவ்வினால் மீட்டர் 0 காட்டும், ஏனென்றால் போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். பழுப்பு வயரை மட்டும் கவ்வ வேண்டும். அதற்காகச் சாமானின் வயரைக் கீறாதீர்கள். ஒரு மீட்டர் நீளத்தில் குட்டி எக்ஸ்டென்ஷன் ஒன்று செய்து, அதன் வெளித்தோலை மட்டும் 15 சென்டிமீட்டர் நீக்கி, உள்ளே மூன்று வயர்களின் தோலும் பழுதில்லாமல் தனித்தனியாக நிற்கும்படி வயர்மேனிடம் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அளவெடுக்கும் முறை

1. சாமான் எதுவும் ஓடாதபோது சாக்கெட்டின் வோல்ட்டை எழுதுங்கள். மீட்டர் மாறுதிசை (ஏசி) வோல்ட்டில், 600 அல்லது 750 எல்லையில் இருக்க வேண்டும்.

2. சாமானை முழு வேகத்தில், முழுச் சூட்டில் போடுங்கள். இஸ்திரிப் பெட்டியிலும் ரைஸ் குக்கரிலும் தெர்மோஸ்டாட் தானாக அணைத்து அணைத்துப் போடும். ஆம்பியர் 0 என்று வந்தால் சாமான் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் மீண்டும் போடும்வரை காத்திருங்கள்.

3. ஆம்பியரைப் படியுங்கள். அதே நேரத்தில், அதே சாக்கெட்டில் வோல்ட்டையும் மறுபடி படியுங்கள். கணக்குக்கு எடுக்க வேண்டியது இந்த இரண்டாவது வோல்ட். முதல் படியில் எழுதியதை எடுத்தால் வாட் எப்போதும் கூடுதலாகத்தான் வரும்.

4. ஐந்து நிமிடம் விட்டு இன்னும் இரண்டு முறை எடுங்கள். பக்கத்து வீட்டு ஏர்கண்டிஷனர் ஓடத் தொடங்கினாலே உங்கள் வோல்ட் இரண்டு மூன்று ஆடும். மூன்றின் சராசரியை வைத்துக்கொள்ளுங்கள்.

5. வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்.

ஒரு கெட்டிலைப் பார்ப்போம். தகட்டில் 240 வோல்ட், 2200 வாட். ஓடும்போது 228 வோல்ட், 8.9 ஆம்பியர். தடை 228 ÷ 8.9 = 25.6 ஓம். வாட் 228 × 8.9 = 2029. தகட்டின்படி தடை 240 × 240 ÷ 2200 = 26.2 ஓம். இரண்டுக்கும் வித்தியாசம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். கெட்டில் நன்றாக இருக்கிறது. 2200 வராமல் 2029 வந்ததற்குக் காரணம் கெட்டில் அல்ல, 240 வராமல் 228 வந்தது.

இப்படி ஓமை ஒப்பிடுவதுதான் சாமானின் உடல்நிலையைப் பார்க்கும் வழி. தடை கிட்டத்தட்ட இருமடங்காகத் தெரிந்தால், இரண்டு எலிமெண்ட் (சூடாகும் சுருள்) இணையாக உள்ள சாமானில் ஒன்று அறுந்திருக்கிறது. ஆம்பியரே இல்லை என்றால் எலிமெண்டோ தெர்மல் பியூஸோ போயிருக்கிறது. தடை வெகுவாகக் குறைந்து ஆம்பியர் ஏறியிருந்தால் சுருளின் ஒரு பகுதி தனக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாமானை அன்றோடு நிறுத்துங்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரின் ஓம் எல்லையிலும் எலிமெண்டைப் பார்க்கலாம். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3 ஓம் போல ஏதாவது காட்டும். அது மீட்டர் வயரின் தடை, கழித்துவிடுங்கள். நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பியாலான எலிமெண்டுக்குச் சூட்டிலும் குளிரிலும் தடை அதிகம் மாறாது, அதனால் இந்த அளவு ஓடும்போது கணக்கிட்ட ஓமோடு ஒத்துப்போகும். பழைய குண்டு பல்பு அப்படியல்ல. 230 வோல்ட், 100 வாட் பல்பு எரியும்போது 529 ஓம். அணைந்து ஆறியபின் அளந்தால் 40 ஓமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஏனெனில் டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேறத் தடை கூடும். சுவிட்சைப் போடும் நொடியில் பல்பு பட்டென்று போவதும் இதனால்தான்: அந்த நொடியில் ஓட்டம் பன்மடங்கு.

குளியலறை ஹீட்டர்: கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய கணக்கு

தகட்டில் 240 வோல்ட், 3600 வாட் என்று வைத்துக்கொள்வோம். தடை 57600 ÷ 3600 = 16 ஓம். இந்த 16 மாறாது. வோல்ட் மாறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

240 வோல்ட்டில் 15 ஆம்பியர், 3600 வாட்.
230 வோல்ட்டில் 14.4 ஆம்பியர், 3306 வாட்.
216 வோல்ட்டில் 13.5 ஆம்பியர், 2916 வாட்.
205 வோல்ட்டில் 12.8 ஆம்பியர், 2627 வாட்.

240இலிருந்து 205க்கு வோல்ட் குறைந்தது 15 சதவீதத்துக்கும் குறைவு. சூடு குறைந்தது 27 சதவீதம். வோல்ட் இருமுறை பெருக்கப்படுவதால் வந்த வினை.

தண்ணீர் எத்தனை டிகிரி ஏறும் என்பதற்கும் ஒரு சுருக்கு வழி உண்டு. வாட்டை 70ஆல் வகுங்கள். வந்த விடையை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அதனால் வகுங்கள். ஒரு லிட்டர் போத்தலைப் பிடித்து நேரம் பார்த்தால் ஓட்டம் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 3 லிட்டர் என்றால் 3600 வாட்டில் சுமார் 17 டிகிரி ஏறும், 2627 வாட்டில் பன்னிரண்டரை. குழாயில் 27 டிகிரியில் வரும் தண்ணீர் பகலில் 44ஐத் தொடும். சாயங்காலம் 40ஐக் கூடத் தொடாது. ஹீட்டரை மாற்ற ஓடாதீர்கள். குழாயைச் சற்று மூடி நிமிடத்துக்கு 2.2 லிட்டர் ஆக்கினால் அதே 17 டிகிரி திரும்பக் கிடைக்கும். செலவு ஒரு காசும் இல்லை.

ஆனால் 205 என்பது 216க்குக் கீழே. வீட்டுக்கு வரும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியில் மெயின் சுவிட்ச் பக்கம் என்ன வருகிறது என்று வயர்மேனைக் கொண்டு பார்த்தால், குறை வெளியிலிருந்து வருகிறதா, வீட்டுக்குள் பிறக்கிறதா என்று தெரிந்துவிடும். பெட்டியில் 226, ஹீட்டரில் 205 என்றால் நடுவில் 21 வோல்ட் தொலைகிறது. 12.8 ஆம்பியரில் 21 வோல்ட் என்றால் வயரிலும் மூட்டுகளிலும் 1.64 ஓம் இருக்கிறது, அங்கே 269 வாட் சூடாகிக்கொண்டிருக்கிறது. பழைய லயத்து வீட்டின் பின்னால் சமையற்கட்டும் குளியலறையும் சேர்த்துக் கட்டும்போது, விளக்குக்குப் போட்ட 1.5 எம்எம் வயரிலிருந்தே ஒட்டு வைத்து ஹீட்டருக்கு இழுத்த வீடுகளில் இந்த எண் வரும். ஹீட்டருக்கு டிபி பெட்டியிலிருந்து தனி வயர், தனி எம்சிபி (ஓட்டம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) வேண்டும். 4 எம்எம் போடுவது நல்லது.

கோயில் பந்தலுக்கு இழுக்கும் நீண்ட வயர்

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில், பக்கத்து வீட்டிலிருந்தோ ஒட்டுக்கடையிலிருந்தோ வயர் இழுப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக 75 மீட்டர் தூரம், முனையில் 230 வோல்ட், 2500 வாட் தண்ணீர்க் கெட்டில். கெட்டிலின் தடை 52900 ÷ 2500 = 21.16 ஓம்.

வயரின் தடைக்குச் செம்பு வயரின் இந்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள். வளையும் வயரில் 1.5 எம்எம்முக்குக் கிலோமீட்டருக்கு 13.3 ஓம், 2.5 எம்எம்முக்கு 7.98 ஓம், 4 எம்எம்முக்கு 4.95 ஓம். இங்கே எம்எம் என்று கடையில் சொல்வது சதுர மில்லிமீட்டரை, அதாவது செம்பின் குறுக்குப் பரப்பை, தடிமனை அல்ல. 75 மீட்டர் என்றால் கரண்ட் போக 75, திரும்ப 75, ஆக 150 மீட்டர். திரும்பும் வயரை மறப்பதுதான் இந்தக் கணக்கில் நடக்கும் முதல் தவறு. விடை பாதியாகிவிடும்.

1.5 எம்எம் வயர்: 13.3 × 0.15 = 2.0 ஓம். கெட்டிலோடு சேர்த்து 23.16 ஓம். ஓட்டம் 230 ÷ 23.16 = 9.93 ஆம்பியர். வயரில் தொலைவது 9.93 × 2.0 = 19.9 வோல்ட். கெட்டிலுக்குப் போவது 210 வோல்ட், 2087 வாட். வயரே 197 வாட் தின்கிறது.

2.5 எம்எம் வயர்: 1.2 ஓம். ஓட்டம் 10.29 ஆம்பியர், தொலைவது 12.3 வோல்ட், கெட்டிலுக்கு 2240 வாட்.

4 எம்எம் வயர்: 0.74 ஓம். ஓட்டம் 10.5 ஆம்பியர், தொலைவது 7.8 வோல்ட், கெட்டிலுக்கு 2333 வாட்.

வயரில் தொலைவது 4 சதவீதத்துக்குள், அதாவது 9.2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தூரத்துக்கு 4 எம்எம்தான் சரி. கையில் 2.5தான் இருக்கிறதென்றால் கெட்டிலைக் கடைப்பக்கமே கொதிக்க வைத்து, பந்தலுக்கு விளக்கு வயரை மட்டும் அனுப்புங்கள். எல்இடி விளக்குகள் பத்து சேர்ந்தாலும் ஒரு கெட்டிலின் ஓட்டத்தை நெருங்காது.

மிச்ச வயரைச் சக்கரத்தில் சுற்றியபடியே விட்டு ஓட்டாதீர்கள். மேலே சொன்ன 197 வாட், 75 மீட்டரிலும் பரவிக் கிடந்தால் மீட்டருக்கு 2.6 வாட்தான், காற்றில் போய்விடும். அதே வயரில் 50 மீட்டர் சக்கரத்துக்குள் இருந்தால் 130 வாட் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைபடும். நடுச்சுற்றில் ரப்பர் இளகி இரண்டு வயரும் ஒட்டும். முழுவதையும் அவிழ்த்து, புல்லில் அல்லாமல் கம்பத்தில் தூக்கிக் கட்டுங்கள். நாலு மணி மழை நிச்சயம் வரும்.

இழுத்து முடித்ததும் கணக்கைச் சோதித்துப் பார்க்கலாம். பந்தல் முனையில் கெட்டில் ஓடாதபோது ஒரு வோல்ட், ஓடும்போது ஒரு வோல்ட், கூடவே ஆம்பியர். இரண்டு வோல்ட்டின் வித்தியாசத்தை ஆம்பியரால் வகுத்தால், கரண்ட் வரும் வழி முழுவதன் தடையும் கிடைக்கும். 234, 219.6, 9.6 ஆம்பியர் என்று வந்தால் 14.4 ÷ 9.6 = 1.5 ஓம். 2.5 எம்எம்முக்கு 1.2 எதிர்பார்த்தோம். மீதி 0.3 ஓமில் கொஞ்சம் வீட்டு வயரிங்கும் வெளிவயரும். அதைவிடப் பெரிதாக மீதம் வந்தால் எங்கோ ஒரு மூட்டு தளர்வு.

தளர்ந்த மூட்டு

அரை ஓம் என்பது கேட்பதற்குச் சிறியது. 10 ஆம்பியர் ஓடும் பிளக்கில் ஒரு திருகு தளர்ந்து அரை ஓம் ஏறினால், 10 × 10 × 0.5 = 50 வாட். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் இரும்புகளில் பல 50 வாட்டுக்கும் குறைந்தவை. அந்தச் சூடு முழுவதும் ஒரு பித்தளை முள்ளின் அடியில். பிளக் பழுப்பேறுவது, மீன் வாடை போல ஒரு நாற்றம், சாக்கெட்டின் ஒரு துளை மட்டும் கறுப்பது எல்லாம் இதன் அடையாளம். எம்சிபி விழாது, ஏனென்றால் ஓட்டம் கூடவில்லை. சொல்லப்போனால் சற்றுக் குறைந்திருக்கும். கறுத்த சாக்கெட்டில் பிளக்கை மட்டும் மாற்றினால் புது பிளக்கும் எரியும்; சாக்கெட்டின் உள்தகடு சூட்டில் இழுவை இழந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒரே எக்ஸ்டென்ஷனில் எத்தனை சாமான் என்பதும் பெருக்கல் கணக்குதான். 13 ஆம்பியர் × 230 வோல்ட் = 2990 வாட். கெட்டில் 2200, ரைஸ் குக்கர் 700, இஸ்திரிப் பெட்டி 1000 என்றால் 3900 வாட், 17 ஆம்பியர். இதில் 13 ஆம்பியர் பியூஸ் உடனே போய்விடும் என்று நம்பாதீர்கள். 17 ஆம்பியரை அது நெடுநேரம் தாங்கும். தாங்கும் நேரமெல்லாம் பிளக் வேகும்.

மோட்டாருக்கு வேறு கணக்கு

கிரைண்டர், தண்ணீர் பம்பு, பிரிட்ஜ், பழைய ஏர்கண்டிஷனர் ஆகியவற்றில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். அதைப் பவர் பேக்டரால் பெருக்கினால்தான் வாட். 230 வோல்ட், 5.2 ஆம்பியர், பவர் பேக்டர் 0.8 என்றால் 1196 வோல்ட்-ஆம்பியர், 957 வாட். வயரின் பருமனைத் தேர்ந்தெடுக்க 5.2 ஆம்பியரைப் பாருங்கள். பில்லுக்கு 957ஐப் பாருங்கள். கெட்டில், ஹீட்டருக்குப் பவர் பேக்டர் 1, அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஓம் கணக்கும் மோட்டாரில் ஏமாற்றும். சுருளை மல்டிமீட்டரால் அளந்து 4 ஓம் வந்தால், 230ஐ 4ஆல் வகுத்து 57 ஆம்பியர் என்று பயப்பட வேண்டாம். மாறுதிசை மின்சாரத்தில் சுருளின் காந்தப்புலமும், சுழலும் ரோட்டாரும் ஓட்டத்தைத் தடுத்துக்கொண்டே இருக்கின்றன. ரோட்டார் சுழலாமல் சிக்கிக்கொண்டால் அந்தத் தடுப்பு பெரும்பாலும் போய்விடும். வழக்கமான ஓட்டத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு பாயும். சிக்கிய கிரைண்டரைச் சுவிட்சில் விட்டு வைத்தால் நிமிடங்களில் சுருள் கருகுவது அதனால்தான்.

குறைந்த வோல்ட்டில் ஹீட்டரும் மோட்டாரும் நேரெதிர். ஹீட்டருக்கு வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறையும், அது பத்திரமாகவே இருக்கும். மோட்டாரோ அதே மாவை அரைத்தே ஆக வேண்டும். வேகம் இழந்து கூடுதல் ஆம்பியரை இழுக்கும். ஓட்டம் 5.2இலிருந்து 6.5 ஆனால் கால் பங்குதான் கூடியது, சுருளின் சூடோ 1.56 மடங்கு. ஆகவே நீண்ட வயரின் முனையில் கெட்டிலை வைத்தால் நேரம்தான் போகும், கிரைண்டரை வைத்தால் மோட்டாரே போகும். வயர் எட்டாத இடத்தில் கிரைண்டர் வேண்டாம். மாவை வீட்டில் அரைத்துக் கொண்டுபோங்கள்.

உடம்பும் ஒரு மின்தடைதான்

நனைந்த உடம்புக்குச் சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபிக்கு இது கணக்கிலேயே வராத ஓட்டம். இதயத்தை நிறுத்த இது தாராளம். எம்சிபி காப்பது வயரை. ஆளைக் காப்பது ஆர்சிசிபி. போன ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அது விழ வேண்டும். வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட வேண்டும். மாதம் ஒருமுறை அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேராக வயர் கொடுப்பவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். விழுவது எலிமெண்டிலிருந்து எர்த்துக்குக் கசிகிறது என்பதைச் சொல்கிறது.

பிளக்குக்கு வெளியே நீங்கள் அளக்கலாம், கணக்குப் போடலாம். டிபி பெட்டியைத் திறப்பது, வயர் மாற்றுவது எல்லாம் சுருஹான்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனின் வேலை.

மீட்டரையே சாட்சிக்கு அழைப்பது

கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு வீட்டுச் சுவரில் ஒரு வாட் மீட்டர் ஏற்கனவே தொங்குகிறது. டிஜிட்டல் மின்மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். பக்கத்தில் ஒரு கிலோவாட்-மணிக்கு எத்தனை மின்னல் என்று எழுதியிருக்கும். அது 1600 என்றால் ஒரு மின்னலுக்கு 2250 ஜூல், அதாவது 36 லட்சத்தை 1600ஆல் வகுத்தது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போடுங்கள். ஒரு மின்னலைப் பார்த்ததும் கைப்பேசியில் நேரத்தைத் தொடங்கி, அதற்குப் பின் பத்தாவது மின்னலில் நிறுத்துங்கள். 7 நொடி ஆனால் 22500 ÷ 7 = 3214 வாட். பிரிட்ஜை அணைக்க மறந்தால் அதுவும் இதில் சேர்ந்துவிடும்.

பில்லுக்கு, வாட்டை 1000ஆல் வகுத்து ஓடிய மணியால் பெருக்குங்கள். நான்கு பேர் ஆளுக்குக் கால் மணி குளித்தால் ஒரு மணி நேரம், நாளுக்கு 3.2 யூனிட் (கிலோவாட்-மணி), 30 நாளில் 96. உங்கள் பில்லில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சென் போட்டிருக்கிறதோ அதனால் பெருக்கினால் ஹீட்டரின் பங்கு வெள்ளியில் தெரியும்.

எல்லாம் அணைத்த நிலையிலும் டிபி பெட்டியில் 216க்குக் கீழே இருந்தால் கோளாறு வீட்டில் இல்லை. 253ஐத் தாண்டினாலும், விளக்குகள் திடீரென்று பளிச்சென்று எரிந்தாலும் உடனே மெயினை அணைத்துவிடுங்கள். வெளியே நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) அறுந்திருக்கக்கூடும். இரண்டுக்கும் மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். ‘கரண்ட் வீக்காக இருக்கிறது’ என்று சொல்லாமல், மூன்று நாட்களின் தேதி, நேரம், சாமான் ஓடாதபோது எத்தனை வோல்ட், ஓடும்போது எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அதை அப்படியே வாசியுங்கள். பக்கத்து இரண்டு வீடுகளிலும் அதே நேரத்தில் அளந்த எண்கள் கூட இருந்தால், வருகிறவர் உங்கள் வீட்டு வயரிங்கைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே கம்பத்துக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் போவார்.